1966 மஸ்டாங் கன்வெர்டிபிள்: ராக்கர் வேலை தெரிந்தவர்கள் உதவவும்

சான் ஹோசே ஆலையில் தயாரான ஃபோர்டு மஸ்டாங் கன்வெர்டிபிள் (கூரையை மடக்கக்கூடிய கார்) ஒன்று கலிஃபோர்னியாவில் விலைக்கு வந்திருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் கருத்து வேண்டும்.

வண்டி எண் 6ஆர்08சி என்று தொடங்குகிறது. 08 என்பதால் அசல் கன்வெர்டிபிள்தான். நிலையான கூரையுள்ள கூப்பேயை வெட்டி மாற்றியது என்றால் 07 இருக்கும். சி என்பது 289 கன அங்குல வி8 எஞ்சின். கதவுத் தகட்டிலும் கன்வெர்டிபிளுக்கான 76ஏ குறியீடுதான். இதுவரை சரி.

கவலையெல்லாம் அடிப்பாகம்தான். கூரை இல்லாத உடலைத் தாங்குவதே உள் ராக்கரும் (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி உத்திரம்) டார்க் பாக்ஸும் (ராக்கரைச் சட்டத்தோடு இணைக்கும் பெட்டி). இதில் கதவின் பின் இடைவெளி மேலே நெருங்கி, கீழே அகன்றிருக்கிறது. நடுப்பகுதி தொய்ந்ததற்கான அடையாளம். முன் கண்ணாடியின் அடியில் உள்ள கவுலில் (காற்று உள்ளே வரும் பெட்டி) தண்ணீர் ஊற்றினால் பயணி காலடியில் சொட்டுகிறது.

ராக்கரை மாற்ற, கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்டு செய்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் வெட்டினால் போதுமா? இல்லை, ஜிக்கில் (உடலை அசையாமல் பிடிக்கும் சட்டம்) ஏற்றித்தான் ஆகவேண்டுமா? தொய்வை முதலில் நிமிர்த்த ஜாக்கை எங்கே வைத்தீர்கள்? செய்தவர்கள் சொல்லுங்கள்.