உதவி: போர்க்கால சாகசக் கதைக்கு ஒன்லைன் சரியாக உட்காரவில்லை

கேள்வி:
திரைக்கதை முழுசாக முடிந்துவிட்டது. ஆனால் யாரிடம் போனாலும் முதலில் கேட்பது ஒன்லைன்தான் (முழுக்கதையையும் ஒரே வாக்கியத்தில் சொல்வது), அங்கேயே மாட்டிக்கொள்கிறேன். இப்போது இருப்பது இது:

"1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடிக்க, ரங்கூன் தமிழர்கள் எல்லாவற்றையும் இழந்து மலையும் காடும் கடந்து இந்தியாவுக்கு நடக்கையில், போரின் கொடூரத்துக்கு நடுவே மனிதம் பிழைப்பதைச் சொல்லும் பரபரப்பான சாகசக் கதை."

கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். எங்கே இடிக்கிறது?

பதில் 1:
இதில் ஆளே இல்லையே ப்ரோ. "தமிழர்கள்" நடக்கிறார்கள், சரி, அதில் நாம் பார்க்கப்போவது யாரை? மனிதம் பிழைப்பதைக் கேமராவில் எடுக்க முடியாது. "பரபரப்பான" என்பதைக் கேட்பவர் சொல்லட்டும், நாம் சொல்லக் கூடாது. யார், அவனுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எதற்குள் முடித்தாக வேண்டும்: இது போதும். பெயர்கூட வேண்டாம், தொழிலைச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மரக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை. வட பர்மாவின் மிட்சினா ஊரில் விமானத்துக்குக் காத்திருக்கும் அநாதைக் குழந்தைகள் இவன் தலையில் விழுகிறார்கள். திருத்தியது:

"போரில் சிக்கிய ஒரு கணக்குப்பிள்ளை, 12 குழந்தைகளை ஜப்பான் படையிடமிருந்து காப்பாற்றி இந்தியாவில் சேர்க்கப் போராடுகிறான்."

பதில் 2:
ஆள் வந்துவிட்டார். ஆனால் கணக்குப்பிள்ளையை எடுத்துவிட்டு வாத்தியார் என்று போட்டுப் பாருங்கள், எதுவும் மாறவில்லை. அப்படியென்றால் அந்தச் சொல் வேலை செய்யவில்லை.

வில்லனையும் மாற்றலாம் என்று தோன்றுகிறது. மிட்சினா விமானத்தளத்தில் குண்டு விழுந்தது 1942 மே 6, இரண்டு நாளில் ஊரும் ஜப்பான் கையில் விழுந்தது. அதற்குப் பிறகு ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக நடந்து, பாங்சாவ் கணவாய் ஏறி, அசாமில் லீடோ சேர வேண்டும். அந்த வழியில் ஆட்களைச் சாய்த்தது மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பசி, முழங்கால் சேறு. மே பாதியில் மழை பிடித்துவிட்டால் ஆறுகளைத் தாண்ட முடியாது. நீங்கள் கெடு தேடி அலையவே வேண்டாம், வானமே வைத்திருக்கிறது.

ஒரு சந்தேகம். 12 பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போகிறான்?

கேட்டவர்:
கம்பெனி யானையில். பாகன் காலராவில் போய்விடுகிறான். இவனோ இத்தனை வருஷமும் யானைகளைப் பேரேட்டில் மட்டும் பார்த்தவன், நேரில் பார்த்தால் கை நடுங்கும். அது செகண்ட் ஹாஃப் காமெடிக்காக வைத்தது, அதனால் சொல்லவில்லை.

பதில் 1:
அட, இதையா ஒளித்துவைத்தீர்கள்! இதுதான் படமே. இன்டர்வலுக்கு முன்பே யானை வந்தாக வேண்டும்.

பதில் 3:
வெள்ளத்தில் யானை என்றால் காதில் பூ சுற்றுவதாக யாராவது சொல்லலாம். பதில் கையில் இருக்கட்டும்: 1942 ஜூனில் டாபா ஆற்றில் சிக்கியவர்களை ஜைல்ஸ் மேக்ரெல் என்ற தேயிலைத் தோட்டக்காரர் யானைகளை வைத்துத்தான் மீட்டார். இதை ஒன்லைனில் நுழைக்காதீர்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இப்போது?

"1942, பர்மா. கடைசி விமானமும் போய்விட, யானை என்றாலே நடுங்கும் மரக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை, பாகனை இழந்த யானை ஒன்றை ஓட்டிக்கொண்டு, மழை வந்து ஆறுகள் வழியை அடைக்குமுன் 12 அநாதைக் குழந்தைகளை மலை தாண்டி இந்தியாவில் சேர்க்க வேண்டும்."

பதில் 2:
இப்போது வாத்தியாரைப் போட முடியாது பாருங்கள். "அநாதை"யை எடுத்துவிடலாம், மூச்சு மிச்சமாகும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும் இடத்தில் வெட்டுங்கள். முடிவில் யானை சாகிறது என்றால் அதை இங்கே தொடவே வேண்டாம்.

கேட்டவர்:
சாகாது சார். சாகவிட்டால் என் பொண்ணு என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.