பாண் ஓட்டோ வந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிக்கும் பத்து வாரக் குட்டி: வெளியே கொண்டுபோகலாமா?

உவர்மலை ரீச்சர்:

வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் குட்டி வந்து மூன்று வாரம். திருகோணமலை கன்னியாவில், என்னோடு படிப்பிக்கும் ஒருவருடைய வளவில் பிறந்த நாட்டு நாய். ஏழு வாரத்தில் எடுத்தோம், இப்போது பத்து வாரம். நிறம் தார் போலக் கறுப்பு, பெயர் பிறவுணி. குட்டி வருவதற்கு முன்பே மகள் பெயரை முடிவு செய்துவிட்டாள். நிறத்துக்காக மாற்ற முடியாதாம்.

முதல் ஊசி எட்டாம் வாரத்தில் போட்டாயிற்று. எல்லா ஊசியும் முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம் என்று மிருக வைத்தியர் சொன்னார். அதனால் வீடு, விறாந்தை, பின்வளவு ஆகியவற்றுக்கு அப்பால் அவள் எதையும் கண்டதில்லை. காலை ஆறேகாலுக்குப் பாண் ஓட்டோ தன் பாட்டோடு ஏற்றத்தில் ஏறத் தொடங்கினாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். ஓட்டோ போய் அரை மணி நேரமானாலும் வருவதில்லை. தலைக்கவசம் போட்டவர்களைக் கண்டால் நடுக்கம். போன ஞாயிறு என் தம்பி தலைக்கவசத்தைக் கழற்றாமல் குனிந்து தூக்கப் போனான். நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது.

இன்னொன்று, கடி. சேலைக் கரை நான்கு இடத்தில் கிழிந்திருக்கிறது, மகளின் கை முழுக்கக் கீறல். வாயில் பச்சை மிளகாயைத் தேய்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்தது, படலையடிக்குக் கொண்டுபோய் இருபது நிமிடம் நின்றாலும் ஒன்றும் செய்யாதவள், உள்ளே வந்ததும் மாமியின் பாயில் சிறுநீர் இருந்துவிடுகிறாள். மாமிக்கு அவள்மேல் உள்ள கோபம் அதனால் மட்டும் அல்ல. "நாலு பேரோடு பழகின நாய் கள்ளனுக்கும் வாலாட்டும், ஒருவருக்கும் காட்டாமல் வளர்" என்கிறார்.

சித்திரைப் புத்தாண்டு வெடிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதுவரை உள்ளேயே வைத்திருப்பதா, வெளியே கொண்டுபோவதா?

சாம்பல்தீவான்:

வெளியே எடுக்காதீர்கள், ரீச்சர். போன மாரியில் எங்கள் இரண்டு குட்டிகளும் பார்வோ என்ற வைரஸ் நோயில் போயின. வாந்தி, பிறகு இரத்தமாகக் கழிச்சல், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. படலையைத் தாண்டி ஒருநாளும் விட்டதில்லை. என் செருப்பில்தான் வந்திருக்கும் என்றார்கள். பயம் என்றாவது போகும், உயிர் போனால் வராது. ஆறு மாதம் பொறுங்கள்.

ஆறுநாய்க்காரி:

தம்பி, உங்கள் குட்டிகளை நினைக்க மனம் கனக்கிறது. பார்வோ பொல்லாததுதான். கிருமி மண்ணில் மாதக்கணக்காகக் கிடக்கும். ஊசியை ஒன்றோடு நிறுத்தாமல், பதினாறு வாரம் ஆகும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போடுவதும் அதற்காகத்தான். தாயிடமிருந்து பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. எந்த வாரத்தில் அது வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. அந்த வாரத்தைத் தவறவிடாமல் இருக்கத்தான் திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள்.

ஆனால் ரீச்சர், வைத்தியர் சொன்னதை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். தெருவில் இறக்காதே என்றிருக்கிறார். தெருவைக் காட்டாதே என்று சொல்லவில்லை. உங்களுக்குக் கை இரண்டு இருக்கிறதே, பிள்ளை.

புதிதாக ஒன்றைக் கண்டால் 'இதுவும் உலகத்தில் உள்ளதுதான்' என்று குட்டி எடுத்துக்கொள்ளும் காலம் மூன்றாம் வாரமளவில் தொடங்கும், பன்னிரண்டு பதினான்கு வாரத்தோடு ஒடுங்கும். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து பார் ஹார்பர் ஆய்வுகூடத்தில் குட்டிகளை ஆள்வாடை இல்லாமல் வேலியடைத்த வெளியில் வளர்த்து, சிலவற்றைச் சில வாரங்களில் எடுத்துப் பழக்கினார்கள். அந்த ஆய்வு 1961இல் வெளியானது. பதினான்கு வாரம்வரை மனிதர் பழகாத குட்டிகள் பிறகு கிட்டவே வரவில்லை, காட்டு விலங்குதான். உங்கள் பிறவுணிக்கு இனி இருப்பது நான்கு வாரம். ஆறு மாதம் பொறுத்தால் உயிரோடு ஒரு நாய் இருக்கும், படலைக்கு வெளியே கொண்டுபோக முடியாத நாய். மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்களின் சாவுக்கு முதற்காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைக் கோளாறு என்று அமெரிக்க மிருக நடத்தை வைத்தியர்களின் சங்கம் 2008இல் எழுதியிருக்கிறது. அங்கே கடிக்கிற நாயை ஊசியில் முடிக்கிறார்கள், இங்கே சங்கிலியில் முடிக்கிறோம்.

புத்தகத்தில் படித்ததை மட்டும் சொல்லவில்லை. என் ஆறாவது நாய் ஜிம்மி 2020 மார்ச்சில், ஊரடங்கு போட்ட வாரத்தில், எட்டு வாரக் குட்டியாக வந்தான். மீன்காரர் இல்லை, தபால்காரர் இல்லை, டச்பே பக்கம் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. நானும் அவனும் சுவரும். நோய் நொடி இல்லாமல் வளர்ந்தான். இன்றைக்கும் என் அண்ணன் மகன் வந்தால் குசினிக்குப் பின்னால் நின்று உறுமுகிறான். அந்த நாட்களில் ஒரு தலைக்கவசத்தை நானே போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்திருக்கலாம், குடையை விரித்து மடக்கிக் காட்டியிருக்கலாம். ஐந்து நாய் வளர்த்த எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு பெரிய பன்பைக்குள் பழைய துவாயை விரித்து அவளை இருத்துங்கள். சூரை மீனை உப்பு, தூள் ஒன்றும் இல்லாமல் அவித்து, பயற்றங்காய் விதை அளவுக்கு உதிர்த்து ஒரு டப்பாவில் எடுங்கள். காலையில் கோட்டை வாசலுக்குப் போங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வான்கள், சீருடைக்காரர்கள், தலைக்கவசங்கள், மான்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். வாசலில் நிற்க வேண்டாம், எதிர்ப்பக்கம் தள்ளி நில்லுங்கள். அவளாக ஒன்றைப் பார்க்கட்டும், பார்த்ததும் ஒரு துண்டு மீன். பத்து நிமிடம் போதும். மீனை வாங்க மறுத்தால், பசியில்லாமல் கொட்டாவி விட்டால், உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால், நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள். தேற்றிக்கொண்டு நிற்காமல் பின்னால் வாருங்கள்.

அந்தப் புல்லில் மட்டும் இறக்காதீர்கள். மான் படுக்கும் புல்லில் உண்ணி இருக்கும், கட்டாக்காலி நாய்களும் திரிகிற இடம். மீன் சந்தைப் பக்கமும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் ஓடிவந்து தூக்கக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பழக்குவது என்றால் ஊரார் கையில் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரிந்தால் அதுவே போதும்.

பாண் ஓட்டோவின் பாட்டைத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். (அது பீதோவனின் 'ஃபூர் எலீஸ்'. பாண் விற்கப் போகிறது என்று அந்த மனிதர் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.) அடுத்த அறையில், காதில் விழுகிறதா இல்லையா என்ற அளவுக்கு வையுங்கள். பாட்டு முதல், மீன் பிறகு. பாட்டு நின்றால் மீனும் நிற்க வேண்டும். முந்திக்கொண்டு மீனை நீட்டினீர்களோ, மீனைக் கண்டாலே ஓட்டோ வரப்போகிறது என்று ஓடுவாள். நானே அப்படி ஒரு நாயைக் கெடுத்திருக்கிறேன். வெடிச் சத்தத்துக்கும் இதே முறைதான், அதை இன்றைக்கே தொடங்குங்கள்.

மாமியிடம் ஒன்று சொல்லுங்கள். வீட்டைக் காக்கிற குணம் குட்டி வளர்ந்து ஆளாகும்போது தானாக வரும், பழக்கத்தால் அழியாது. பயந்த நாய் இலைக்கும் குரைக்கும், பூனைக்கும் குரைக்கும், தபாலுக்கும் குரைக்கும். எல்லாவற்றுக்கும் குரைக்கிற நாயின் சத்தத்துக்கு நடுச்சாமத்தில் வீட்டில் ஒருவரும் எழும்பமாட்டார்கள். கள்ளனுக்கு அதைவிட வசதி வேறு என்ன?

லிங்கநகர் 27:

அம்மா எல்லாம் சொல்லிவிட்டார். கடியும் சிறுநீரும் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், அக்கா.

குட்டிக்குப் பாற்பல் 28, ஊசி போலத்தான் இருக்கும். நான்கு மாதமளவில் விழத் தொடங்கும். மிளகாய் வேண்டாம், கை கிட்ட வந்தாலே எரியும் என்றுதான் அவள் படிப்பாள். கடித்த உடனே விளையாட்டை நிறுத்தி, எழும்பி, அரை நிமிடம் கதவுக்கு அப்பால் போய் நில்லுங்கள். கையை வெடுக்கென்று இழுத்தால் அவளுக்கு அது இன்னும் நல்ல விளையாட்டு. பழைய துணியை நனைத்து முறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்துக் கடிக்கக் கொடுங்கள், கிழிந்தால் எடுத்துவிடுங்கள். மாலையில் கடி கூடுகிறதா? அனேகமாக நித்திரை போதாது. குட்டி ஒரு நாளில் பெரும்பகுதி தூங்க வேண்டும்.

மகளின் கையில் பல் தோலைக் கிழித்திருந்தால் அசட்டையாக விடாதீர்கள். சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனையில் காட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி குட்டிக்குப் பன்னிரண்டு வாரமளவில்தான் போடுவார்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள், அந்த ஊசி இலவசம்.

சிறுநீர் விஷயத்தில் ஒரு சந்தேகம். படலையடியில்தானே மோட்டார் சைக்கிள் போகிறது? பயத்தில் நிற்கிற குட்டி அங்கே இருக்காது. உள்ளே வந்து மனம் ஆறியதும் இருந்துவிடும். பின்வளவில் ஒரே மூலைக்கு, எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடியதும் கொண்டுபோங்கள். வேலை முடிந்த அந்த நொடியில், அங்கேயே வைத்துப் பாராட்டுங்கள். இந்த வயதில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கச் சொல்வது அநியாயம்.

சாம்பல்தீவான்:

கையில் வைத்துக் காட்டலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, அம்மா. எங்கள் வளவில் இனிக் குட்டி வளர்க்கலாமா?

ஆறுநாய்க்காரி:

வளர்க்கலாம். சீமெந்துத் தரையை முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் பயனில்லை. மண்ணை அப்படிக் கழுவ முடியாது. ஊசி முடித்த, கொஞ்சம் வளர்ந்த நாயாகப் பார்த்து எடுங்கள்.

உவர்மலை ரீச்சர் (பதினாறு நாட்களுக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி. மகளின் கையை அன்றைக்கே காட்டினோம், ஊசி போட்டார்கள். பிறவுணிக்கும் இரண்டாவது ஊசியும் விசர்நாய் ஊசியும் போட்டாயிற்று.

படலையடியை விட்டுப் பின்வளவு வாழையடிக்கு மாற்றிய மூன்றாம் நாளே அங்கே இருந்தாள். பாய் காய்ந்தே இருக்கிறது, இரண்டு விபத்துகளைத் தவிர. அந்த இரண்டும் நான் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தவை, அவள் குற்றமில்லை.

கோட்டை வாசலுக்கு ஏழு தடவை போனோம். முதல் நாள் பன்பைக்குள் தலையை இழுத்துக்கொண்டு மீனைத் தொடவில்லை. தபாற்கந்தோர் வீதிப் பக்கம் திரும்பி நடந்தேன், அங்கே வைத்துத்தான் ஒரு துண்டு வாங்கினாள். நான்காம் நாள் ஒரு கொம்பன் மான் வீதியைக் கடந்து வந்து எங்களுக்குப் பத்தடி தூரத்தில் யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றது. பிறவுணி பையின் விளிம்பில் முன்கால் இரண்டையும் வைத்து, மூக்கை மட்டும் அசைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் பார்த்தாள். மான் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு மூன்று துண்டு.

தலைக்கவசம் இப்போது எங்கள் விறாந்தையில் தரையில் கிடக்கிறது, அதற்குள்தான் அவளுடைய காலைச் சாப்பாடு. தம்பி வந்தால் பக்கவாட்டில் கதிரையில் இருக்கிறான், அவளாகப் போய் அவன் சப்பாத்தை மணக்கிறாள். பாண் ஓட்டோவுக்கு இன்னும் காதை மடக்குகிறாள், ஆனால் கட்டிலுக்கு அடியில் போவதில்லை. கடி குறையவில்லை, சேலைக்குக் கிழிசல் ஐந்து.

இன்று காலை நடந்ததைக் கேளுங்கள். மாமி தானே போய் ஓட்டோவை மறித்தார். இடுப்பில் பிறவுணி. மீன் பணிஸ் ஒன்று வாங்கி, நடுவில் கிள்ளி அவளுக்கு ஊட்டிவிட்டார். உள்ளே வெங்காயம் இருந்திருக்கிறது. நாய்க்கு வெங்காயம் ஆகாதே, இப்போது என்ன செய்ய?

ஆறுநாய்க்காரி:

எவ்வளவு தின்றாள்? கிள்ளல் ஒன்று என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். நாலைந்து நாள் பல்முரசைப் பாருங்கள். வெளிறினால், சோர்ந்து படுத்தால், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே வைத்தியரிடம். மாமிக்குச் சொல்லுங்கள், ஓரத்து மாவைக் கிள்ளிக் கொடுக்கலாம், நடுப்பகுதி மாமிக்கு.

உவர்மலை ரீச்சர்:

சொன்னேன். "நடுப்பகுதிதானே ருசி, குழந்தைக்கு ஓரத்தையா கொடுப்பது" என்று கேட்கிறார். அவித்த சூரை டப்பாவை மாமி கையில் கொடுத்துவிட்டேன்.