லீட் டைம்: ‘காத்திருப்பு நேரம்’ பொருந்துமா? முன்புனைவு வாகனக் கொட்டகை அட்டவணையை முன்வைத்து ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

முன்புனைவு முறையில், அதாவது பாகங்களை ஆலையில் செய்து மனைக்குக் கொண்டுவந்து பொருத்தும் முறையில், வாகனக் கொட்டகை அமைப்பதற்கான கால அட்டவணையைத் தமிழில் எழுதும்போது தேவைப்படும் சொற்களைப் பற்றிய இவ்விழையில், ‘லீட் டைம்’ (ஒரு பொருளுக்குச் சொல்லி அனுப்பியது முதல் அது கைக்கு வந்து சேரும் வரை ஆகும் காலம்) என்பதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: காத்திருப்பு நேரம், முன்னணி நேரம், விநியோகக் காலம். மூன்றையும் ஏற்க இயலாமைக்கான காரணங்களையும், அவற்றுக்கு மாற்றாக நான் முன்வைக்கும் ‘தருவிப்புக் காலம்’ என்ற சொல்லையும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

அதற்கு முன் ஒரு சிறு தெளிவு. ‘முன்வார்ப்பு’, ‘முன்புனைவு’ ஆகிய இரண்டையும் ஒரே பொருளில் ஆளலாம் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். வார்ப்பு என்பது அச்சில் ஊற்றி எடுப்பது. கான்கிரீட் சுவர்ப் பலகங்களால் ஆன கொட்டகைக்கு முன்வார்ப்பு பொருந்தும். எஃகுச் சட்டகமும் தகடுகளும் கொண்ட கொட்டகைக்கு ஆலையில் எதுவும் வார்க்கப்படுவதில்லை. ஆகவே முன்புனைவு பொதுச்சொல்லாகவும் முன்வார்ப்பு அதன் ஒரு வகையாகவும் இருப்பதே சரி.

இனி முதன்மையான சொல்லுக்கு வருகிறேன். ‘முன்னணி நேரம்’ சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. முன்னணி என்றால் தமிழில் முதல் வரிசை. முன்னணி நடிகர், முன்னணி நிறுவனம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது சிறப்பான ஒரு நேரத்தைக் குறிப்பதாகவே படும். ‘விநியோகக் காலம்’ ஓரளவு நெருங்கி வந்தாலும், ஆலையிலிருந்து சரக்குந்து புறப்பட்டு மனைக்கு வந்து சேரும் ஓரிரு நாள்களை மட்டுமே நினைவூட்டுகிறது. எஃகை வெட்டுதல், துளையிடுதல், பற்றவைத்தல், துத்தநாகப் பூச்சு, கட்டி அடுக்குதல் என்று ஆலைக்குள் கழியும் வாரங்கள் அச்சொல்லுக்குள் அடங்குவதில்லை.

‘காத்திருப்பு நேரம்’ என்பதுதான் மூன்றிலும் எளிமையானது, பலர் ஆதரித்ததும் அதுவே. நானும் ஒரு காலத்தில் அதையே எழுதினேன். நான் தமிழாக்கிக் கொடுத்த ஓர் அட்டவணையில் ‘சட்டகமும் தகடுகளும்: காத்திருப்பு நேரம் 6 வாரம்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த உரிமையாளர் அப்படியே ஆறு வாரம் காத்திருந்தார். பொருள்கள் வந்து இறங்கிய நாளில் மண்கூட வெட்டப்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய துத்தநாகப் பூச்சுத் தகடுகள் மழையில் நனைந்தன. இடுக்குகளில் தேங்கிய ஈரம் காற்றோட்டமின்றி நின்று, தளம் ஆயத்தமாகும் முன்பே வெண்துருவாகப் படிந்துவிட்டது. தகடுகளைப் பிரித்துப் பார்த்தபோது, சுண்ணாம்பைத் தடவியது போன்ற வெண்திட்டுகள் வரிவரியாக இருந்தன. அவர் அட்டவணையைத் தவறாகப் படிக்கவில்லை. நான் எழுதிய சொல் அவரிடம் சொன்னதைத்தான் செய்தார்.

முன்புனைவின் பயனே, ஆலையில் ஒரு வேலை நடக்கும்போது மனையில் இன்னொரு வேலை நடக்க முடியும் என்பதில் இருக்கிறது. செங்கல் சுவரில் அடித்தளம் முடிந்த பின்னரே முதல் வரி எழும்பும். இங்கே அடித்தளமும் சுவரும் ஒரே காலத்தில், வெவ்வேறு இடங்களில் உருவாகின்றன. அப்படிப்பட்ட காலத்துக்குக் ‘காத்திருப்பு’ என்று பெயரிட்டால், அந்த முறையின் உயிரான கருத்தையே சொல் மறைத்துவிடுகிறது. சும்மா இருக்கும் நாள்கள் என்ற எண்ணத்தை விதைக்காத, அதேவேளை பொருள் இன்னும் கைக்கு வரவில்லை என்பதையும் தெரிவிக்கிற ஒரு சொல் நமக்குத் தேவை.

தருவித்தல் என்பது வழக்கில் உள்ள வினை. ‘வெளியூரிலிருந்து தருவித்த பொருள்’ என்றால் எவருக்கும் விளங்கும். சொல்லி அனுப்பி, ஆக்குவித்து, வரவழைத்தல் முழுவதும் அதில் அடக்கம். தருவித்தல் நாம் செய்யும் செயல், காத்திருத்தல் நமக்கு நேர்வது. அட்டவணை எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். கணக்குப் பாடநூல்களில் வாய்பாட்டைத் ‘தருவித்தல்’ என்ற ஆட்சி இருப்பதால் குழப்பம் வராதா என்று கேட்கலாம். காலம் என்ற சொல் ஒட்டி நிற்பதாலும் இரு துறைகளும் வெகு தொலைவில் இருப்பதாலும் குழப்பம் வராது என்றே கருதுகிறேன். நீண்ட நாள் பிடிக்கும் பொருள்களை ‘நெடுந்தருவிப்புப் பொருள்கள்’ எனலாம். மோட்டார் பொருத்திய கதவு பெரும்பாலும் அப்பட்டியலில் வரும். சட்டகம் வந்து நின்ற பிறகும் கதவு வராமல் திறந்து கிடக்கும் கொட்டகைகளைப் பார்த்திருக்கிறேன். கதவுக்கெனத் தனித் தருவிப்புக் காலம் உண்டு என்பதை அட்டவணையில் தனி வரியாக எழுதாததே அதற்குக் காரணம்.

சொல்லைச் சோதிக்க ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கார் நிற்கும் கொட்டகை. எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. வரைபடத்தில் கையெழுத்திட்டு முன்பணம் கட்டிய நாள் சுழி. சட்டகம், தகடுகளின் தருவிப்புக் காலம் 42 நாள். தூண்கள் உட்காரும் போல்ட்டுகளைத் தளத்தில் எங்கே பதிக்க வேண்டும் என்று காட்டும் வரைபடம் ஆலையிலிருந்து 7ஆம் நாள் வருகிறது. அது கைக்கு வராமல் கான்கிரீட் போடக் கூடாது. போல்ட் ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் தூணின் அடித்தகட்டுத் துளை அதில் இறங்காமல் போகலாம். 8ஆம் நாள் தொடங்கி மண் வெட்டி இறுக்க 3 நாள், பலகை அடைத்துக் கம்பி கட்ட 2 நாள், கான்கிரீட் ஊற்ற 1 நாள். அது 13ஆம் நாள். அதன்பின் 7 நாள் தளத்தை ஈரமாக வைத்திருந்தால் 20ஆம் நாளில் தளம் ஆயத்தம். பொருள் வருவதோ 42ஆம் நாள். இடையே 22 நாள் மிச்சம்.

இந்த 22 நாளுக்கு ‘ஃப்ளோட்’ என்று பெயர். அதற்கு வந்துள்ள ‘மிதவை’ என்ற பரிந்துரையை ஏற்க மனம் வரவில்லை. மிதவை நீரில் மிதப்பது. ‘கையிருப்பு நாள்’ என்று சொன்னால் வாக்கியத்தில் தானே அமர்கிறது. ‘மழையால் பத்து நாள் போனது, இனி கையிருப்பு 12 நாள்தான்’ என்று எழுதினால் விளக்கவுரை தேவையில்லை. போல்ட் வரைபடம் 7ஆம் நாளுக்குப் பதில் 29ஆம் நாள் வந்தால் கையிருப்பு சுழியாகிவிடும். அதற்குமேல் தளவேலையில் தவறும் ஒவ்வொரு நாளும் முடிவு நாளைத் தள்ளும்.

தளம் வலுப்பெறும் நாள்களைக் ‘காயும் காலம்’ என்று இழையில் இருவர் எழுதியிருந்தனர். இதையும் அன்புடன் மறுக்க வேண்டியிருக்கிறது. கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்டு நீருடன் வினைபுரிந்து இறுகுகிறது. அதனால்தான் அந்த நாள்களில் சாக்கு போர்த்தியும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியும் அதைக் காயவிடாமல் காக்கிறார்கள். காயும் காலம் என்று அட்டவணையில் எழுதிவிட்டு அதன் பக்கத்திலேயே தண்ணீர் விடவும் என்று எழுதினால், படிப்பவர் எதை நம்புவார்? ‘வலுவேறு காலம்’ என்பது என் பரிந்துரை. சாதாரண போர்ட்லண்டு சிமெண்டில் 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலு ஏறுகிறது. வடிவமைப்பில் குறிப்பிடும் வலு 28ஆம் நாளுக்கு உரியது. ஏறுதல் என்ற வினை, வலு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. குளிரில் அது மெதுவாக ஏறும் என்பதால் அங்கே கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும்.

1950களின் பிற்பகுதியில் டூபான்ட் நிறுவனத்தில் உருவான, முடிவு நாளைத் தீர்மானிக்கும் வேலைத் தொடரைக் கண்டறியும் ‘கிரிட்டிக்கல் பாத்’ முறையின் பெயர் குறித்துத் தனி இழை ஓடுவதால் அதற்குள் இப்போது நுழையவில்லை. தருவிப்புக் காலம், கையிருப்பு நாள், வலுவேறு காலம் ஆகிய மூன்றும் உறுதியானால் அதை விளக்குவது எளிதாகும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

வரையறையில் ஒன்று இன்னும் தீரவில்லை. தருவிப்புக் காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? விலை கேட்ட நாளிலிருந்து என்று வாங்குபவர் எண்ணுகிறார். வரைபடம் ஒப்புதலாகி முன்பணம் வந்த நாளிலிருந்து என்று ஆலை எண்ணுகிறது. இரண்டுக்கும் இடையே பல வாரங்கள் இருக்கக்கூடும். உள்ளாட்சி அனுமதி தேவைப்படும் இடங்களில் அதைப் பெறும் நாள்களும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. ஆலையின் கணக்கையே வரையறையில் எழுதி, அதற்கு முற்பட்ட நாள்களை ‘ஒப்புதல் காலம்’ என்று தனியே பிரிக்கலாம் என்பது என் எண்ணம். கொள்முதல் பணியில் இருக்கும் நண்பர்கள் தங்கள் ஒப்பந்தப் படிவங்களில் எந்த நாளை முதல் நாளாகக் கொள்கிறார்கள் என்று எழுதினால், அதற்கேற்ப வரையறையைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்.