தக்கை எம்பினால் என்ன பெயர்? ‘லிஃப்ட் பைட்’டுக்கு ஒரு தமிழ்ச் சொல்

மடல் 1 (குன்னூர்)

வணக்கம். மலையேரிகளில் குளிர்காலக் கெண்டைத் தூண்டில் பற்றிய குறிப்புகளைத் தமிழாக்கும்போது ‘லிஃப்ட் பைட்’ என்ற இடத்தில் நிற்கிறேன். மீன் இரையை எடுத்ததும் தக்கை முங்காமல் மேலே எழுந்து, பிறகு நீர்மேல் படுத்துவிடுமே, அதுதான். மார்கழி, தை மாதங்களில் பெரும்பாலும் இதை நம்பித்தான் தூண்டில் போடுகிறோம். ‘எழுகடி’ என்று வைக்கலாமா? வினைத்தொகை, சுருக்கமாகவும் இருக்கிறது.

மடல் 2 (கொடைக்கானல்)

> ‘எழுகடி’ என்று வைக்கலாமா?

ஐயா, ‘கடி’தான் இடிக்கிறது. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. பல் தொண்டையில் இருக்கிறது. உதட்டைக் குழாய் மாதிரி நீட்டி இரையை உறிஞ்சும், பிடிக்காவிட்டால் அப்படியே துப்பும். குளிரில் இது இன்னும் மெதுவாக நடக்கும். ‘கடி’ என்று படிக்கிற புதியவர் ஒரு வெடுக்கென்ற இழுப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அதற்குள் மீன் இரையை உறிஞ்சித் துப்பிவிட்டுப் போயிருக்கும். ‘கொத்தல்’ என்பதும் சின்னக் குஞ்சு மீனுக்குத்தான் பொருந்தும். ‘எழுதக்கை’ எப்படி?

மடல் 3 (ஊட்டி)

இருவருக்கும் வணக்கம். ‘எழுதக்கை’யை அச்சில் பார்ப்பவர் ‘எழுத, கை’ என்று பிரித்துப் படிப்பார். அதுவுமல்லாமல் அது தக்கைக்குப் பெயர் ஆகிறதே தவிர, நிகழ்வுக்கு ஆகவில்லை.

மீன் என்ன செய்கிறது என்பதற்குப் பெயர் வைப்பதா, கரையில் இருப்பவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதற்கா? இதை முதலில் முடிவு செய்தால் சொல் தானே வந்துவிடும். என் கட்சி, கண்ணுக்குத் தெரிவதன் பக்கம். 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த கெண்டை வகையைக் ‘கண்ணாடிக் கெண்டை’ என்கிறோம். பளபளவென்று அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பெரிய செதிலைப் பார்த்து வந்த பெயர். பார்த்த மாத்திரத்தில் விளங்குவதால்தான் அந்தப் பெயர் நிலைத்தது. நீருக்கடியில் நடப்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். தக்கையை நேரில் பார்க்கிறோம்.

தக்கை முங்குது, ஓடுது, எம்புது: கரையில் பேசும்போது இந்த மூன்று வினைதான் வாயில் வருகிறது. ஆகவே ‘எம்பல்’ என்பது என் முன்மொழிவு. இதன் இணைச்சொல் ‘முங்கல்’. ‘எழுச்சி’ என்றால் மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது. ‘உயர்வு’ என்றால் ஏரி நீர்மட்டம் நினைவுக்கு வருகிறது. எம்புவது என்றால், கீழே இருந்த பிடி விட்டதும் சட்டென்று மேலே வருவது. இங்கே நடப்பதும் அச்சு அசலாக அதுதான்.

எப்படி என்று அமைப்போடு சொல்கிறேன், சொல் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். உதிர்ந்த மயிலிறகின் தண்டில் 15 முதல் 20 செ.மீ. வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் அடிமுனையை மட்டும் ஒரு துண்டு சைக்கிள் வால்வு ட்யூபால் நரம்பில், அதாவது தூண்டில் இழையில், மாட்ட வேண்டும். மேல்முனையையும் மாட்டினால் தக்கை எம்பாது, இது அடிக்கடி நடக்கும் தவறு. நரம்பு 0.20 மி.மீ., முள் 12-ஆம் எண். முள்ளிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரே ஓர் ஈயக்குண்டு. அந்தக் குண்டு தனியாகத் தொங்கினால் தக்கையை முழுசாக முழுக்காட்டும் எடையில் இருக்க வேண்டும். ஆழத்தை அளந்து, அதைவிட 5 முதல் 10 செ.மீ. கூட்டித் தக்கையை வைக்கிறோம். வீசியபின் குண்டு தரையில் உட்காரும், தக்கை படுத்துக் கிடக்கும். கோலைத் தாங்கியில் வைத்து, நுனியை நீருக்குள் அமிழ்த்தி, நரம்பை மெல்லச் சுற்றி இறுக்கினால் தக்கை நிமிரும். ஒரு விரற்கடை மட்டும் வெளியே தெரியும்போது நிறுத்திவிட வேண்டும்.

இப்போது தக்கையைக் கீழே பிடித்து வைத்திருப்பது அந்தக் குண்டுதான். கெண்டை தலையைக் கீழே சாய்த்து இரையை உறிஞ்சும், பிறகு உடம்பை நிமிர்த்தும். அந்த நாலு விரல் உயரத்துக்குக் குண்டும் கூடவே தூக்கப்படும், பிடி விடும், தக்கை எம்பும். காற்றும் அடி நீரோட்டமும் நரம்பை இழுத்தால் தக்கை முங்கத்தான் செய்யும், மீன் நரம்பில் உரசினாலும் அப்படியே. எம்பல் என்றால் ஏறக்குறைய எப்போதும் இரை வாயில் இருக்கிறது என்று பொருள். குளிரில் இந்த நம்பகம்தான் பெரிய விஷயம்.

மடல் 4 (கொடைக்கானல்)

‘எம்பல்’ எனக்குச் சம்மதம். ஒரு சந்தேகம். சேற்றுத் தரையில் குண்டு புதைந்துவிட்டால் இது நடப்பதில்லையே? இன்னொன்று, குறிப்புகளில் இந்தச் சொல்லுக்கான பதிவில் இரை பற்றியும் ஒரு வரி வேண்டும். கோடையில் தூவுகிற அளவுக்கே தையிலும் மாவுருண்டையைக் கொட்டிவிட்டு, எம்பல் வரவில்லை என்பவர்கள் நிறைய. கெண்டைக்கு இரைப்பை கிடையாது, தின்றது நேரே குடலுக்குப் போகிறது. நீர் குளிரக் குளிரச் செரிமானம் மந்தப்படும். தின்னாத தீனி அடியில் புளித்து அழுகும். பத்துப் பதினைந்து மக்காச்சோள மணிகள் தூவினால் போதும், முள்ளில் ஒரு மணி அல்லது அரை மண்புழு. எண்ணெய் பிசைந்த உருண்டை வேண்டாம். குளிரில் எண்ணெய் இறுகிவிடும், மணம் நீரில் பரவாது.

மடல் 5 (ஊட்டி)

புதைந்தால் நடக்காது, உண்மைதான். பெரும்பாலும் குண்டு கனமாக இருப்பதே காரணம். மெல்லிய தண்டும் சின்னக் குண்டும் போட்டு, முள்ளுக்கும் குண்டுக்கும் இடைவெளியை 8 செ.மீ. ஆக்கலாம். அதற்குமேல் போனால் குண்டு நகருமுன்பே மீன் துப்பிவிடும். எமரால்டு மாதிரி மின்சாரத்துக்காக நீர் எடுக்கும் அணைகளில் மட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், ஆழத்தை அவ்வப்போது மறுபடி அளக்க வேண்டும். மட்டம் ஒரு சாண் இறங்கினாலே தக்கை சரிந்துவிடும், அதைப் பார்த்து எம்பல் என்று ஏமாறுவதும் உண்டு. எம்பல் சட்டென்று வரும், மட்டம் இறங்கிச் சரிவது மெல்ல நடக்கும்.

நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். உறைபனி விழுந்த காலையில் போய்ப் பயனில்லை. காற்று மறைவான, வெயில் விழும் கரையில் 11 மணியிலிருந்து 3 மணிவரை போடலாம். ஒரு நாள் வெயிலில் நீர் சூடேறிவிடாது. வானிலை மாறாமல் மூன்று நான்கு நாள் சேர்ந்து வந்தால் நல்லது. அனுமதியுள்ள கரையா என்று மீன்வளத் துறையிடம் கேட்டுக்கொள்வது எல்லாவற்றுக்கும் முந்தியது.

மடல் 6 (குன்னூர்)

‘எழுகடி’யை விட்டுவிடுகிறேன். பதிவு இப்படி இருக்கட்டும்:

எம்பல் (பெ.): தரையில் அமர்ந்த ஈயக்குண்டை இரையோடு சேர்த்து மீன் தூக்குவதால், அடிமுனையில் மட்டும் மாட்டிய தக்கை சட்டென்று மேலெழுவது. எதிர்: முங்கல். வழக்கு: “எம்பினதும் சுண்டு, படுக்கும்வரை காத்திருக்காதே.”

முள் மீன் வாயில் பதியக் கோலைச் சட்டென்று இழுப்பதை, அதாவது ‘ஸ்ட்ரைக்’கை, ‘சுண்டல்’ என்று பெயர்ச்சொல் போட்டால் கடலை நினைவுக்கு வரும். அதனால் வினையாகவே விட்டிருக்கிறேன். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.