பழைய ஜீப்பில் ஒழுகும் பெட்ரோல் டேங்க்: மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: பின்பக்க டேங்க், அதைத் தாங்கும் பட்டி உட்காரும் இடத்தில் கசிகிறது. புது டேங்க் தயார். எப்படிக் கழற்றுவது?

பதில் 1: பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் பெட்ரோலை முழுக்க வடியுங்கள். 10 லிட்டர் மிச்சமிருந்தாலே ஏழு கிலோவுக்கு மேல். அந்த எடையோடு ஜாக்கில் வைத்து இறக்கினால் டேங்க் ஒரு பக்கமாகச் சாயும். பட்டி போல்ட்டுக்கு முந்தின நாளே துருவை இளக்கும் எண்ணெய் விடுங்கள். டேங்க்கை நான்கு விரல் அளவு இறக்கி, மேலே இருக்கும் கேஜ் (பெட்ரோல் அளவு காட்டுவது) வயரையும் பிரீதர் ஹோஸையும் (காற்று போகும் குழாய்) எடுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் பைப் நெளிந்துவிடும்.

பதில் 2: பட்டிக்கு அடியில் புது ரப்பர் கட்டாயம். பழைய ரப்பருக்குள் சேறும் ஈரமும் தங்கித்தான் அங்கே தகடு அரிக்கும். ஹோஸ், கிளிப், கேஜ் கேஸ்கெட்டையும் (கசிவைத் தடுக்கும் வளையம்) கையோடு மாற்றுங்கள்.

பதில் 3: பழையதை வெல்டிங் வைக்கலாம் என்று தயவுசெய்து இறங்காதீர்கள். காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். கேஜ் கேஸ்கெட் மேலே இருப்பதால், அதன் கசிவு டேங்க் நிரம்பினால்தான் தெரியும்.