எலியா படுத்த செடி ஜூனிபரா, சூரையா? ராயபுரத்தில் எதை நடுவது?

ராயபுரம்வாசி:

எங்கள் சபை வளாகத்தில் மதிலோரம் 20 அடி நீளம், 4 அடி அகலத்தில் இடம் இருக்கிறது. வேதாகமத்தில் வரும் செடிகளை அங்கே வைத்து, பெயரும் வசனமும் எழுதிப் பலகை வைப்பதாக வாலிபர் ஐக்கியத்தில் முடிவாகியிருக்கிறது. எலியா போய் உட்கார்ந்த செடியில்தான் குழப்பம். 1 இராஜாக்கள் 19:4-ல் நம் வேதாகமம் சூரைச்செடி என்கிறது. பழைய ஆங்கில வேதாகமத்தில் ஜூனிபர் என்று இருக்கிறது. அதை நம்பி ஒருவர் மாதவரம் பக்கத்து நர்சரியிலிருந்து ஜூனிபர் என்று 2 தொட்டி வாங்கி வந்துவிட்டார்.

கேட்க நினைப்பவை: பலகையில் என்ன எழுதுவது? இந்தச் செடி கடலோரக் காற்றில், எங்கள் மண்ணில் நிற்குமா? ஒரு தொட்டியில் உள்பக்கமிருந்து பழுப்பாகிறது, காரணம் என்ன? ஜூனிபர் காய் சிறுநீரகக் கல்லுக்கு நல்லது என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார், காய்த்தால் ஜனங்கள் பறித்துச் சாப்பிடுவார்கள். அது ஆபத்தா?

மறையேடு:

பிரதர், பலகை விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். அந்த வசனத்தின் எபிரேயச் சொல் ரோதெம். அது ஜூனிபர் இல்லை. தாவர நூல்களில் ரெட்டமா ரேட்டம் என்று வரும் பாலைவனப் புதர், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபியில் இன்றைக்கும் ரதம் என்றுதான் அழைக்கிறார்கள். ரோதெமும் ரதமும் ஒரே வேர், ரெட்டமா என்ற தாவரப் பெயரும் அதிலிருந்து வந்ததே. ஆள் உயரமோ அதற்குச் சற்று மேலோ வளரும். வருஷத்தில் பெரும்பகுதி இலையே இருக்காது, சாம்பல் பச்சைக் குச்சிகள்தான். குளிர்கால மழைக்குப் பிறகு வெள்ளையாகப் பூக்கும். சீனாய், நெகேவ், யூதேயா வனாந்தரம் எங்கும் வறண்ட ஓடைப் படுகைகளில் நிற்பது இது. ஒரு நாள் நடந்து களைத்தவனுக்கு அந்த வெளியில் கிடைக்கிற நிழல் இந்தக் குச்சிப் புதரின் அரைகுறை நிழல்தான். எலியாவின் மனநிலையோடு அதைச் சேர்த்து வாசித்தால் வசனம் இன்னும் ஆழமாக இறங்குகிறது.

சங்கீதம் 120:4-ல் "சூரைச்செடிகளை எரிக்குந் தழல்" என்று வருவதும் ரோதெம்தான். அதன் அடிக்கட்டையும் வேரும் நல்ல கரியாகும், தழல் நெடுநேரம் அணையாது. பொய் நாவுக்குக் கிடைக்கும் தண்டனையாக அதைச் சொன்னதற்குக் காரணம் இதுவே. எண்ணாகமம் 33:18-ல் இஸ்ரவேலர் பாளயமிறங்கிய ரித்மா என்ற இடப்பெயரும் இதே செடியிலிருந்து வந்ததாகவே கொள்கிறார்கள்.

ஜூனிபர் உள்ளே நுழைந்தது லத்தீன் வழியாக. ஜெரோமின் லத்தீன் வேதாகமம் ரோதெமை யூனிபெருஸ் என்று பெயர்த்தது. 1611-ல் வந்த ஆங்கில வேதாகமமும் ஜூனிபர் என்றே வைத்தது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் வறண்ட காட்டுப் புதரைக் குறிக்க நம் காட்டில் இருக்கிற சூரையை எடுத்துக்கொண்டார்கள். அது இலந்தைக்குத் தங்கைச் செடி, வளைந்த முள், சின்னக் கறுப்புப் பழம். படிக்கிறவனுக்குப் படம் மனதில் விழ வேண்டும் என்று பார்த்தால் அது நல்ல தேர்வு. செடி மட்டும் வேறு. காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், பலகையில் வெறும் சூரை என்று எழுதினால் பாதிப் பேருக்கு மீன்தான் நினைவுக்கு வரும். சூரைச்செடி என்று முழுசாக எழுதுங்கள்.

வேதாகம நிலத்தில் ஜூனிபரே இல்லை என்று நினைக்க வேண்டாம். சீனாயிலும் யோர்தானின் தெற்கு மலைகளிலும் பினீஷியன் ஜூனிபர் உண்டு. அரபியில் ஜூனிபருக்குப் பெயர் அர்அர். எரேமியா 17:6-ல் "கறளையாய்ப்போன செடி" என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயச் சொல்லும் ஏறக்குறைய அதே ஒலிதான், அதனால் அது ஜூனிபர் என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தொட்டியை வைத்தே ஆக வேண்டும் என்றால் எரேமியா வசனத்தின் பக்கம் வையுங்கள், எலியாவின் பக்கம் வேண்டாம்.

கொளத்தூர் மாடி:

முதலில் தொட்டியில் இருப்பது ஜூனிபர்தானா என்று பாருங்கள். ஜூனிபர் கேட்டால் மோர்பங்கி என்கிற தூஜாவைத் தூக்கிக் கொடுப்பது நம் பக்கம் சகஜம். தூஜாவின் கிளை உள்ளங்கையை நிமிர்த்திப் பிடித்த மாதிரி தட்டையாக, செங்குத்தாக அடுக்கி நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே பச்சை. காயில் கொம்பு கொம்பாக இருக்கும், காய்ந்தால் கட்டையாகி வெடித்துப் பிரியும். ஜூனிபரின் நுனிக்கிளை கயிறு மாதிரி உருண்டை, எல்லாப் பக்கமும் திரும்பும். ஒரே செடியில் செதில் இலையும் குத்துகிற ஊசி இலையும் சேர்ந்தே இருக்கலாம். காய் சதைப்பற்றான உருண்டை, வெடிக்கவே வெடிக்காது.

ஜூனிபர்தான் என்றால் நம் ஊரில் கிடைப்பது சீன ஜூனிபர் வகை. ஐரோப்பாவில் மசாலாவுக்குப் பறிக்கிற பொது ஜூனிபர் குளிர்ப் பிரதேசச் செடி. இந்தியாவில் காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மலை உயரங்களில்தான் இயற்கையாக வளரும். சென்னை வெக்கையில் அதை வைத்துச் சிரமப்படாதீர்கள். சீன வகை தாங்கும், ஆனால் மூன்று விஷயத்தில் கவனம் தேவை: வடிகால், தண்ணீரின் உப்பு, மே மாதம்.

ராயபுரம் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் இன்னும் மேலே வரும். நேரடியாகக் குழி வெட்டி நட்டால் வேர் அழுகும். மதிலோரம் ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் வைத்து மேட்டுப் பாத்தி கட்டுங்கள், அடியில் தண்ணீர் வெளியேற 2 அடிக்கு ஒரு துளை விடுங்கள். மண் கலவை: 3 முதல் 5 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி அல்லது கரடு ஆற்றுமணல் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு. தேங்காய் நார்க்கழிவு வேண்டாம், மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடிக்குச் செடி 3 அடி இடைவெளி. தினமும் 5, 6 மணி நேரம் வெயில் வேண்டும். வீட்டுக்குள் வைக்கிற செடி இல்லை இது.

விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவைப் பாருங்கள். 500-க்குள் இருந்தால் கவலையில்லை. 1,000 தாண்டினால் உப்பு மண்ணில் சேர்ந்து நுனி கருகும். ஆர்ஓ கழிவு நீரை ஊற்றவே கூடாது, அதில் உப்பு இன்னும் செறிவு. கடல் காற்றால் இலையில் படிகிற உப்பையும், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் தூசியையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள்.

உள்பக்கப் பழுப்புக்குக் காரணம் தெரிய வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளி நகர்ந்தால் சிலந்திப்பேன். பிறகு தண்டை நகத்தால் கீறுங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், டிடிஎஸ்ஸையும் சொல்லுங்கள்.

ராயபுரம்வாசி:

ரோதெம் விளக்கத்துக்கு நன்றி, மறையேடு ஐயா. பலகையில் சூரைச்செடி என்று எழுதி, அடியில் ரோதெம் என்ற பெயரையும் போடுகிறோம்.

கொளத்தூர் அண்ணே, பார்த்துவிட்டேன். ஒன்று தட்டையாக அடுக்கிய கிளை, அது தூஜா. பழுப்பாகிறதுதான் ஜூனிபர். தாளில் சிவப்பாகப் பொடிப் புள்ளிகள் ஊர்கின்றன. கீறினால் பச்சை. டிடிஎஸ் 1,400. இலை சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருக்கிறது.

கொளத்தூர் மாடி:

அப்படியானால் சிலந்திப்பேன், கூடவே உப்பு. காப்பாற்றலாம்.

முதல் நாள் காலையில் குழாயால் உள்கிளை வரை வேகமாகப் பீய்ச்சுங்கள், பேனும் நூலாம்படையும் பெரும்பாலும் அதிலேயே போய்விடும். மறுநாள் மாலை 5 மணிக்கு மேல் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். சோப்பை முதலில் வேப்பெண்ணெயில் அடித்துக் கலக்கிவிட்டுத்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, ஒரு கிளைக்கு அதிகமாகப் போய்க் கருக்கிவிடும். 7 நாள் இடைவெளியில் மொத்தம் 3 முறை. ஒரே முறையோடு விட்டால் முட்டைகள் பொரிந்து திரும்ப வரும். நீலப்பூச்சு உள்ள ரகமாக இருந்தால் எண்ணெய் பட்டதும் பூச்சு போய்ப் பச்சையாகத் தெரியும், அதனால் செடிக்குக் கேடு இல்லை. கந்தகத் தூள் சிலந்திப்பேனுக்குக் கேட்கும்தான், ஆனால் 32 டிகிரி தாண்டினால் இலையை எரித்துவிடும். எண்ணெய் அடித்த செடியில் அதையும் அடித்தால் இன்னும் மோசம். பங்குனியிலிருந்து ஆனி வரை கந்தகப் பேச்சே வேண்டாம்.

உப்புக்கு: தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ மெதுவாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள். 15 நாளைக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள், மற்ற நாளிலும் முடிந்தவரை போர் தண்ணீரைத் தவிருங்கள்.

பழுத்த இலைகளைக் கையால் உதிர்த்துவிடுங்கள், ஆனால் இலையே இல்லாத கட்டைவரை கிளையை வெட்டாதீர்கள். மொட்டைக் கட்டையிலிருந்து ஜூனிபர் துளிர்க்காது. குரோட்டன்ஸ் வெட்டுகிற பழக்கத்தில் கத்தரி வைப்பவர்களிடம் செடி மொட்டையாகவே நின்றுவிடுவது இதனால்தான். இன்னொன்று, வேர் செத்த பிறகும் இந்தச் செடி வாரக்கணக்கில் பச்சையாகவே காட்டும். நிறத்தை நம்பாமல் மாதம் ஒருமுறை கீறிப் பாருங்கள்.

பாத்திக்கு மாற்றுவது மார்கழி தை மாதத்தில். வேரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது, பழைய மண்ணை முழுக்க உதறவும் கூடாது. சித்திரை வைகாசியில் 50 சதவீத நிழல்வலை, தரைச் சூடு ஏறாமல் செடியைச் சுற்றிக் காய்ந்த இலை மூடாக்கு. மூடாக்கு தண்டைத் தொட வேண்டாம்.

ராசப்பா செட்டித் தெரு மூலிகை:

காய் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் வளாகச் செடியில் காய் வந்தாலும் யாரும் சாப்பிடக் கூடாது. பல வகைகளில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி, காய்ப்பது பெண் செடி மட்டும். அலங்காரத்துக்கு விற்கிற ஃபிட்சர் என்ற பெயர்பெற்ற ரகம் சீன ஜூனிபருக்கும் சபைனா ஜூனிபருக்கும் பிறந்த கலப்பு. சபைனா விஷம். கருவைக் கலைக்க அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அதைக் கொடுத்துத் தாய்மாரின் உயிரே போயிருக்கிறது. தொட்டியில் இருப்பது எந்த ரகம் என்று நர்சரிக்காரரே உறுதியாகச் சொல்ல முடியாது. பலகையிலேயே "காய் உண்ணத் தகாது" என்று எழுதிவிடுங்கள்.

மருந்துக்கும் சமையலுக்கும் ஆகிறது பொது ஜூனிபரின் காய் மட்டும். ஆயுர்வேதத்தில் ஹபுஷா, யுனானியில் அப்ஹல், இந்தியில் ஹௌபேர். நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பெயர்களில் ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள், ஜூனிபர் என்றால் முழிப்பார்கள். பட்டாணிக்குச் சற்றுச் சிறியது, கருநீலம் அல்லது கரும்பழுப்பு, நுனியில் மூன்று கோடாகப் பிரிகிற ஒரு பிளவு தெரியும். உடைத்தால் பெரும்பாலும் 3 விதை, பிசினும் எலுமிச்சையும் கலந்த மணம். வால் இருந்தால் அது வால்மிளகு. மணமே இல்லையென்றால் பழைய சரக்கு, எண்ணெய் பறந்து போயிருக்கும். தாவரவியலில் இது பழமே இல்லை, செதில்கள் சதையாகி ஒட்டிக்கொண்ட கூம்பு. முற்ற 2, 3 வருஷம் ஆகும், அதனால் ஒரே செடியில் பச்சையும் கருநீலமும் சேர்ந்து நிற்கும்.

சிறுநீரைக் கூட்டும் குணம் உண்மை. கல்லைக் கரைக்கும் என்று நம்பிக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. நீர் பிரிய மாத்திரையோ சர்க்கரைக்கு மருந்தோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். மற்றவர்களுக்கு ஜெர்மனியின் மூலிகை மருந்துக் குழு சொன்ன அளவு, நாளைக்கு 2 முதல் 10 கிராம் உலர்ந்த காய், மருத்துவர் சொல்லாமல் 4 வாரத்துக்கு மேல் கூடாது. 2 கிராமை லேசாக நசுக்கி, 150 மில்லி வெந்நீரில் போட்டு, மூடி வைத்து 10 நிமிஷம் கழித்து வடிகட்டுங்கள். கஷாயம் மாதிரி திறந்து கொதிக்கவிட்டால் வேலை செய்கிற எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

பெரம்பூர் ஜெனி:

குறுக்கே ஒரு கேள்வி. ஜெனிஃபர் என்ற பெயரும் ஜூனிபரிலிருந்துதான் வந்தது என்கிறார்களே, உண்மையா? இந்தக் காயை இறைச்சிக்குப் போடுவதென்றால் எவ்வளவு?

மறையேடு:

இல்லைங்க. ஜெனிஃபர் வேல்ஸ் மொழிப் பெயரான க்வென்ஹ்விஃபாரின் கார்ன்வால் வடிவம். முதல் பாதிக்கு வெண்மை என்று பொருள். ஜினெவ்ரா என்ற இத்தாலியப் பெயரும் அதே குடும்பம்தான். இத்தாலியில் ஜூனிபருக்கு ஜினெப்ரோ என்று பெயர், அந்த ஒலி ஒற்றுமையை வைத்து லியொனார்டோ டாவின்சி ஜினெவ்ரா என்ற பெண்ணை வரைந்தபோது பின்னால் ஜூனிபர் புதரை வரைந்தார். ஜூனிபரிலிருந்து உண்மையாகவே வந்த பெயர்கள் வேறு. ஜின் என்ற மதுவின் பெயர் டச்சுக்காரர்களின் ஜெனிவரின் சுருக்கம். கலிஃபோர்னியாவில் மிஷன்களை நிறுவிய யூனிபெரோ செர்ரா, பிரான்சிஸ் அசிசியாரின் சீடர் சகோதரர் ஜூனிபரின் பெயரை எடுத்துக்கொண்டவர். லத்தீன் யூனிபெருஸுக்கு "இளமையை ஈனுவது" என்று பொருள் சொல்வது வழக்கம், மொழியறிஞர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை.

ராசப்பா செட்டித் தெரு மூலிகை:

1 கிலோ ஆட்டிறைச்சிக்கோ மாட்டிறைச்சிக்கோ 6 காய் போதும். உரலில் ஒரே தட்டு, தோல் பிளந்தால் சரி. நைசாக அரைத்தால் விதையின் கசப்பு இறங்கிவிடும். மிளகு, பூண்டு, பிரியாணி இலையோடு சேரும். தேங்காய்ப்பால் குழம்புக்கு ஒட்டாது.

முட்டைக்கோஸ் புளிக்க வைப்பதற்கும் இதைப் போடுவார்கள். 1 கிலோவுக்கு 8 காய். குளிர் நாட்டுக் குறிப்பில் 20 கிராம் உப்பு இருக்கும், நம் ஊரில் 25 கிராம் போடுங்கள். 30 டிகிரிச் சூட்டில் புளிப்பு வேகமாக ஏறி கோஸ் கொழகொழத்துவிடும், அந்தக் கூடுதல் உப்பு அதைத் தாமதப்படுத்தும். காயை முழுசாகவே போடுங்கள். நீருக்கு மேல் கோஸ் தெரிந்தால் அங்கே பூஞ்சை பிடிக்கும், அதனால் மேலே எடை வைத்து அமுக்குங்கள். 4-வது நாள் ருசி பார்த்துவிட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடலாம்.