அம்மையின் சேலைத் துண்டுகளில் ஒரு போர்வை: கையால் தைப்பதா, மெஷினில் ஓட்டுவதா?

தக்கலை மைனி
போன கார்த்திகையில் தொடங்கிய ஒட்டுப்போர்வையின் மேல்துணி நேற்று இரவு முடிந்தது. 6 அங்குலச் சதுரங்கள், வரிசைக்குப் பத்து, பதின்மூன்று வரிசை. ஆக 130 துண்டுகள்; 60க்கு 78 அங்குலம். எல்லாம் அம்மை உடுத்தியவை. வீட்டில் உடுத்திய பருத்திச் சேலைகள், ஆராதனைக்கு மட்டும் எடுக்கும் கசவுக்கரை (பொன்சரிகைக் கரை) நேரியது என்ற மேல்துண்டு இரண்டு, கடைசிக் காலத்தில் அணிந்த சிவப்பு நைட்டி ஒன்று. அம்மை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. துண்டுகளை இணைத்தது முழுவதும் கையால்தான்.

இனி மேல்துணி, உள்ளடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இங்கே வந்து நின்றுவிட்டேன். கையால் ஓட்டுத்தையல் போடுவதா, மெஷினில் நேர்கோடாக ஓட்டுவதா? உள்ளே என்ன வைப்பது? போர்வை பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுக்கு. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடிப்பதற்குள் தொடங்கிவிட ஆசை.

மார்த்தாண்டம் டெய்லர்
மெஷினிலேயே ஓட்டுங்கள் மைனி. 22 வருடமாகத் தையல் என் தொழில். கையால் தைத்த விரிப்புகள் பழுதுபார்க்க என்னிடம் வருவதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். கால் விரல் நூலில் மாட்டும், ஒரு தையல் அறும், பிறகு அந்த வரி முழுவதும் இளகும். உங்கள் மகள் அதைக் கல்லில் மெதுவாகக் கும்மித் துவைக்கப் போவதில்லை. வாஷிங் மெஷினில் போடுவார். அதைத் தாங்க வேண்டும்.

உள்ளே பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு வையுங்கள். சுருங்காது, சீக்கிரம் காயும். 2 அங்குலத்துக்கு ஒரு கோடு ஓட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

முளகுமூடு ஊசி
ஆறு மாதம் கையால் இணைத்ததை ஒரே நாளில் மெஷினுக்குக் கீழே தள்ளச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது அண்ணன்?

என் அம்மை லேஸ் பின்னியவர். நம் நாகர்கோவிலில் ஏறக்குறைய 200 வருடங்களுக்கு முன்பு மிஷனரியாக வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தால் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய அடிமைப் பெண்கள் இருந்தார்கள். இந்த மாவட்டத்தில் ஊசிக்கும் நூலுக்கும் அப்படி ஒரு மதிப்பு உண்டு. மைனியின் போர்வையும் கையால்தான் முடிய வேண்டும்.

மார்த்தாண்டம் டெய்லர்
அந்த வரலாற்றுக்கு நானும் தலைவணங்குகிறேன் அக்கா. ஆனால் அந்தப் பெண்கள் பின்னியது விற்பதற்காக. கை வேலைதான் உயர்ந்தது என்று நிரூபிப்பதற்காக அல்ல. மெஷின் கையில் வந்திருந்தால் அவர்கள் அதையும் கற்றிருப்பார்கள்.

கணக்குப் பாருங்கள். கையால் அங்குலத்துக்கு ஒரு கோடு என்றால் 77 கோடுகள், ஒவ்வொன்றும் 60 அங்குலம். மொத்தம் 117 மீட்டர் தையல். ஒரு கோட்டுக்கு 25 நிமிடம் என்றாலும் 32 மணி நேரம். நான்கு துணிகள் சந்திக்கும் மூலையில் மடிப்பு தடித்திருக்கும்; கை ஊசி அங்கே திணறும், விரல் புண்ணாகும்.

மெஷின் என்றால் மட்டம் என்பது பழைய எண்ணம். அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. 1989இல் பதூக்கா நகரத்துப் போர்வைக் கண்காட்சியில் கேரல் பிரையர் ஃபாலர்ட் என்ற பெண் மெஷினில் தைத்த போர்வை தலைசிறந்ததாகத் தேர்வானது. அதன் பிறகு அங்கே அந்தப் பேச்சு மாறியது.

பூதப்பாண்டி டீச்சர்
கையா மெஷினா என்பதற்கு முன்னால் உள்ளே என்ன என்பதை முடிவு செய்யுங்கள் மக்களே. அதுதான் தையலின் நெருக்கத்தைத் தீர்மானிக்கும்.

இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம். அதன் இழை குட்டை, வழுக்கும். தலையணை உறைக்குள் அடைத்தால் நிற்கும்; போர்வைக்குள் ஒரு துவைப்பில் மூலையில் உருண்டையாகச் சேர்ந்துவிடும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். ஆனால் வியர்வையை வாங்காது. மகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்து மே மாதத்தில் போர்த்தினால் அரை மணி நேரத்தில் உதறிவிடுவாள். போகப் போக அதன் இழை மெல்லிய துணி வழியாக வெளியே துருத்தும். அடர்நிறத் துண்டுகளில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தடித்த பருத்தி விரிப்பு நன்றாக இருக்கும், ஆனால் நம் ஊரில் ஆனி, ஆடியில் நனைத்தால் மூன்று நாள் காயாது. பூஞ்சை பிடித்த மெத்தையின் மணம் நமக்கெல்லாம் தெரியும்.

பழைய துணிக்குள் பழைய துணியையே வையுங்கள். வங்காளத்துக் காந்தா என்ற விரிப்பு அப்படித்தான். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போடுவார்கள். பஞ்சே கிடையாது. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையில் இந்தக் கேள்வியே எழாது. அவர்கள் மேல்துணி என்று தனியாக ஒன்று செய்வதில்லை. அடித்துணியின் மேல் துண்டுகளை வைத்து, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். துண்டு சேர்வதும் அடுக்கு சேர்வதும் ஒரே தையலில். நான்கு மூலையிலும் மடித்து வைக்கும் துணிப்பூ இல்லாவிட்டால் அந்தப் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள்.

டெய்லர் தம்பிக்கு ஒன்று. நைந்த துணியில் மெஷின் ஊசி நெருக்கமாக ஓட்டை போடும். தபால்தலை ஓரத்தில் இருப்பதுபோல் வரிசையாக. இழுத்தால் அந்த வரியில்தான் கிழியும். கை ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும்.

குளச்சல் கடற்காற்று
இவ்வளவு தைக்க வேண்டுமா? உள்மூலைகள் 108தான். ஒவ்வொன்றிலும் தடித்த நூலால் ஒரு முடிச்சுப் போட்டால் இரண்டு மாலையில் முடியும். சாயம் போகாமலிருக்க முதலில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள்.

பூதப்பாண்டி டீச்சர்
உப்பு பயன்படாது. சாயத்தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. துணியாகிக் கடைக்கு வந்த பிறகு இல்லை. நனைத்த வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒட்டும் நிறம் எது என்று தெரிந்துவிடும்.

முடிச்சு நல்ல யோசனைதான், புதுத்துணிக்கு. நைந்த சேலையில் போர்வையின் கனம் முழுவதும் அந்த 108 புள்ளிகளில் தொங்கும்.

தக்கலை மைனி
எல்லாருக்கும் நன்றி. துடைத்துப் பார்த்தேன் டீச்சர், சிவப்பு நைட்டி ஒன்றுதான் ஒட்டுகிறது. அந்த எட்டுத் துண்டுகளையும் பிரித்து மாற்றப் போகிறேன். நேரியதுக்குப் பக்கத்திலேயே இரண்டு இருக்கின்றன.

நான் தயங்குவதற்கு ஒரு காரணம் சொல்லவில்லை. ஏழாம் வரிசையில் நீலச் சேலைத் துண்டு ஒன்றில் அம்மை இழையோட்டியிருக்கிறார். முள்கம்பியில் மாட்டிக் கிழிந்த இடம், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. நீல நூல் கிடைக்காமல் கரும்பச்சை நூலால் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கிறார். வெட்டும்போது அந்த இடம் சதுரத்துக்குள் வரும்படி வேண்டுமென்றே வெட்டினேன். மெஷின் கோடு அதன் மேல் நேராக ஏறிப் போகும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

மார்த்தாண்டம் டெய்லர்
மைனி, அது புரிகிறது. அந்தச் சதுரத்தை விட்டு ஓட்ட மெஷினாலும் முடியும். ஆனால் டீச்சர் சொன்னதை நாம் வாதத்தால் தீர்க்க வேண்டாம். மிச்சத் துண்டுகள் இருக்கும்தானே? அதே சேலைகளில் 12 அங்குலத்துக்கு ஒரு சிறு விரிப்புத் தையுங்கள். பாதி கையால், பாதி மெஷினில். 11ஆம் எண் ஊசி புதிதாகப் போடுங்கள், தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல். மூன்று முறை வாஷிங் மெஷினில் போட்டு எடுங்கள். மெஷின் பாதி கிழிந்தால் நான் பேசுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

முளகுமூடு ஊசி
இதை ஒப்புக்கொள்கிறேன். கைத்தையலுக்குப் பருத்தி நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள் மைனி. முறுக்கிக்கொள்ளாது, தேயவும் தேயாது.

தக்கலை மைனி
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினில் மூன்று முறை துவைத்தேன்.

மெஷின் பாதி: பிந்தைய வருடங்களில் வாங்கிய சேலைத் துண்டில் ஒன்றும் ஆகவில்லை, கோடு அழகாகவே இருக்கிறது. நீலச் சேலையில், அம்மை கொசுவம் வைத்துத் தேய்ந்த பகுதியில், தையல் வரியோடு இரண்டு இடத்தில் விரல் நகத்தின் நீளத்துக்குத் துணி விட்டுவிட்டது.

கைப் பாதி: துணி எங்கும் விடவில்லை. ஆனால் கசவுக்கரையைக் கடந்த இடத்தில் நூல் அறுந்திருக்கிறது. கசவு இழை உரசி அறுத்திருக்கிறது. மெஷின் பாதியிலும் கசவின் மேல் ஒரு தையல் அறுந்திருக்கிறது.

மார்த்தாண்டம் டெய்லர்
நீலத்தில் தோற்றேன். சொன்ன சொல்படி நிறுத்திக்கொள்கிறேன். துணி புதிதாக இருந்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன், அதையும் பதிவு செய்கிறேன்.

கசவின் மேல் எந்தத் தையலும் வேண்டாம். கரைக்கு ஒரு நெல் அகலம் தள்ளி இரு பக்கமும் ஓட்டுங்கள். ஓரப்பட்டியை மட்டும் மெஷினில் வையுங்கள். கையாளும்போது பிடித்து இழுப்பது ஓரத்தைத்தான். அங்கே கைத்தையல் நிற்காது. இரண்டரை அங்குலப் பட்டி, இரட்டை மடிப்பு, புதுத்துணியில்.

முளகுமூடு ஊசி
ஓரத்தையும் கையால் தைக்கலாம். நெருக்கமாக எம்மிங் (ஓரத்தை மடித்துத் தைக்கும் தையல்) போட்டால் நிற்கும். நான் 15 வருடமாக உபயோகிக்கும் விரிப்பு நிற்கிறது. அண்ணன் சொல்வதை இதில் நான் ஏற்கவில்லை.

தக்கலை மைனி
அக்கா, ஓரத்தை அண்ணனிடமே கொடுக்கப் போகிறேன். மகள் கசக்கிப் பிழியும் விதம் எனக்குத் தெரியும்.

உள்ளே அம்மையின் வெள்ளை முண்டு (வேட்டி) இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. அடித்துணி இரணியல் கைத்தறி, நான்கு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக விட்டிருக்கிறேன். திண்ணையில் விரித்து நடுவிலிருந்து வெளியே சுருக்கம் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகக் கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டாயிற்று. முண்டு நகராது என்பதால் அங்குலத்துக்கு ஒரு கோடு தேவையில்லை என்று டீச்சர் தொலைபேசியில் சொன்னார்கள். 2 அங்குலம் போதும். 38 கோடுகள்.

பெங்களூர்க் குளிருக்கு முண்டு இரண்டு போதுமா என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. போதாவிட்டால் மேலே ஒரு கம்பளி போட்டுக்கொள்ளட்டும்.

மார்த்தாண்டம் டெய்லர்
கூடுதலாக விட்ட 3 அங்குலத்தை வெட்டிவிடாதீர்கள். தைத்து முடித்த பிறகு போர்வை கொஞ்சம் உள்வாங்கும். அப்படியே கொண்டுவாருங்கள், நான் அளந்து வெட்டுகிறேன்.

தக்கலை மைனி
சரி அண்ணன். ஏழாம் வரிசையில் தொடங்கியிருக்கிறேன், அதுதான் நடுவரிசை. முதல் கோட்டுக்கு 25 நிமிடம் அல்ல, 40 நிமிடம் ஆனது. கரும்பச்சை இழையோட்டம் வந்த இடத்தில் ஊசியைத் தூக்கி, அதைச் சுற்றி அரைவட்டமாகத் தைத்துவிட்டு மறுபடியும் கோட்டில் சேர்ந்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் அந்த ஒரு வளைவு மட்டும் தனியாகத் தெரிகிறது.